பொந்துள்ள பாறையில் நீரோட்டக் கணிப்பு: ஓப்பன்ஃபோமை நெடுநாள் ஓட்டிய பிறகு

சுண்ணாம்புப் பாறையில் நுண்துளைகளோடு, கல் கரைந்து உண்டான பொந்துகளும் கிடக்கும். சீனாவின் தாரிம் படுகையிலுள்ள தாஹே எண்ணெய் வயல் அப்படிப்பட்டதுதான். பாறைக்குள் டார்சி விதி (நுண்துளை வழியே கசியும் ஓட்டத்துக்கானது), பொந்துக்குள் ஸ்டோக்ஸ் சமன்பாடு (திறந்த வெளியில் மெதுவாகப் பாயும் ஓட்டத்துக்கானது). இரண்டையும் ஒரே சமன்பாட்டில் அடக்குவது ஸ்டோக்ஸ்–பிரிங்க்மன் வழி. ஓப்பன்ஃபோம் என்ற பாய்மக் கணிப்பு மென்பொருளில் தடைக் கெழு 'டி'-க்குப் பாறையில் 1/ஊடுருவுதிறன் (பாறை நீரை எவ்வளவு எளிதில் விடுகிறது என்ற அளவு), பொந்தில் 0 என்று கொடுத்தால் ஓடிவிடும். விடை சரியா என்பதுதான் தனிக் கதை.

100 மில்லிடார்சி (ஊடுருவுதிறனின் வழக்கமான அலகு) பாறையின் ஊடுருவுதிறன் சுமார் 10⁻¹³ ச.மீ., அதாவது டி = 10¹³. 10 செ.மீ. பாறை உருளையில் தண்ணீர் நொடிக்கு 10⁻⁵ மீ. வேகத்தில் போக 10,000 பாஸ்கல் தேவை. அதே நீளமுள்ள 1 மி.மீ. பிளவில், அதே வேகத்துக்கு 0.012 பாஸ்கல் போதும். எட்டு லட்சம் மடங்கு வித்தியாசம்! அழுத்தச் சமன்பாட்டை 10⁻⁶ பிழையோடு நிறுத்தினால், அந்தப் பிழையே பொந்துக்குள் இருக்கும் மொத்த அழுத்த வித்தியாசத்துக்குச் சமமாகிவிடும். மொத்த ஓட்டம் சரியாக வரும். பொந்துக்குள் மட்டும் இல்லாத சுழல்கள் தெரியும். 10⁻⁹ அல்லது அதற்குக் கீழே இறக்கி மறுபடி ஓட்டுங்கள். சுழல் காணாமல் போனால் அது வெறும் எண்பிழை.

இவ்வளவு சிரமம் எல்லா வேலைக்கும் வேண்டாம். பொந்துகள் தனித்தனியாக இருந்து, தேவைப்படுவது மொத்த ஊடுருவுதிறன் மட்டும் என்றால் வெறும் டார்சியே போதும். கோளப் பொந்துக்குள் பாயும் சராசரி வேகம், பாறையின் வேகத்தைப்போல் அதிகபட்சம் 3 மடங்கு. பொந்துக்குப் பாறையைவிட 100 மடங்கு ஊடுருவுதிறன் கொடுத்தால் 2.94, 1000 மடங்கு கொடுத்தால் 2.994. அதற்கு மேல் ஏற்றினால் தீர்வி (சமன்பாட்டைத் தீர்க்கும் நிரல்) திணறுமே தவிர விடை அசையாது. இதையே இருபரிமாணத்தில் போட்டால் உச்சம் 2 தான். எனவே வெட்டுமுகப் படத்தை வைத்து முப்பரிமாணப் பாறைக்கு எண் சொல்லக் கூடாது.

பொந்துகள் நுழைவிலிருந்து வெளியேற்றம்வரை கோத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். அப்போது ஓட்டத்தை முடிவு செய்வது மிகக் குறுகிய இடுக்கு. இங்கே பிரிங்க்மன் அவசியம். இடுக்கின் குறுக்கே கணிப்பு வலையின் 8 முதல் 10 செல்லாவது (கட்டங்கள்) வேண்டும். எல்லைப் பரப்பை ஒட்டிப் பாறைக்குள் வலையை நெருக்குவது வீண். அங்கே வேகம் மாறும் அடுக்கின் தடிமன் ஊடுருவுதிறனின் வர்க்கமூலம் அளவே, இந்தப் பாறையில் 0.3 மைக்ரான். பாறைப் பரப்பில் நீர் எவ்வளவு வழுக்கிப் போகும் என்று சொல்லும் பீவர்ஸ்–ஜோசப் வழுக்கு நிபந்தனைக்கும் போகத் தோன்றும். ஆனால் 1967 சோதனையிலேயே அதன் கெழு பொருளுக்குப் பொருள் மாறி 0.1 முதல் 4 வரை வந்தது. அளக்காமல் எடுத்தால் ஊகம்தான்.

பழகியவரும் சறுக்கும் இடங்கள் இரண்டு. அமுக்கமிலா ஓட்டத் தீர்விகளில் அழுத்தம் அடர்த்தியால் வகுபட்டது. பாஸ்கலை அப்படியே போட்டால் தண்ணீருக்கு 1000 மடங்கு பிழை. அடுத்து, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் தடையைக் குறிக்கும் ஃபோர்ச்ஹைமர் கெழு 'எஃப்' நிரலுக்குள் பாதியாக்கப்படுகிறது. பிற நூல்களில் இதே தடைக்குத் தரும் பீட்டா கெழுவை எடுத்தால் இரட்டித்துக் கொடுக்க வேண்டும்.

ஓப்பன்ஃபோமை விட்டு, இடத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணிக்கும் வரையறு கூறு முறைக்குப் போனால், அதில் வழக்கமான டெய்லர்–ஹூட் கூறு பொந்தில் அழகாக ஓடும், பாறையில் துல்லியம் இழக்கும். இரண்டிலும் தாங்கும் கூறு ஒன்றை மார்தல், தாய், வின்தர் மூவரும் 2002இல் தந்தார்கள். சாயத் துகளைப் பின்தொடரும் வேலை என்றால் செல்வாரி நிறை காப்பு (ஒவ்வொரு செல்லிலும் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாவது) உள்ள முறையையே எடுங்கள். இல்லாவிட்டால் துகள்கள் பொந்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு வெளியே வராது.