மதுரைத் திட்டம்: துக்க வீட்டில் ஒரு மின்னூலகம்

மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின், வீட்டில் நானும் அத்தையும், அதாவது மனைவியின் தாயாரும், மட்டுமே எஞ்சினோம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொன்ன ஆறுதல் எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. தூக்கம் வராத ஓர் இரவில்தான் கைப்பேசியில் மதுரைத் திட்டத்தைத் திறந்து புறநானூற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கி, பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்துவரும் இம்மின்னூலகத்தில், எந்த நூலையும் கட்டணமோ பதிவோ இன்றிப் படிக்கலாம், பி.டி.எஃப். கோப்பாக இறக்கியும் வைத்துக்கொள்ளலாம்.

242ஆம் பாடலில் என் விரல் நின்றுவிட்டது. வீரன் சாத்தன் இறந்தபின் இளையோர் முல்லைப்பூவைச் சூடவில்லை, பெண்கள் கொய்யவில்லை, பாணனும் அணியவில்லை. இருந்தும் முல்லையே, நீ பூத்தாயோ என்று குடவாயிற் கீரத்தனார் ஆறே அடிகளில் கேட்கிறார். எங்கள் வாசலில் அவள் வைத்த முல்லைக்கொடியின் அடியில், பறிப்பாரின்றி உதிர்ந்த பூக்கள் அன்றும் பழுத்துக் கிடந்தன.

மறுநாள் விளக்கேற்றிய பின், பள்ளிக்கூடம் போகாத அத்தைக்கு அதை வாசித்துப் பொருள் சொன்னேன். "நம்ம கொடியப் பாத்துட்டுத்தான் பாடினாரா, மாப்பிள்ளை?" என்றார். பிறகு, மாமா இறந்த மாதம் முழுவதும் பசுவைக் கறக்க மனம் வராமல் பாலைக் கன்றுக்கே விட்டுவிட்டதை, நான் இத்தனை ஆண்டுகளில் கேட்டறியாத கதையை, நெடுநேரம் சொன்னார்.

மனைவியைச் சிதையில் இட்டுவிட்டு, உயிரைப் போக்கும் வலிமையில்லாத இந்தத் துயர் எவ்வளவுதான் பெரியது என்று நொந்துகொள்ளும் சேரமான் மாக்கோதையின் 245ஆம் பாடலை மட்டும் இன்னும் அவருக்கு வாசிக்கவில்லை. அதை வாய்விட்டுப் படிக்க எனக்குக் குரல் வரவில்லை.

ஒரு குறிப்பு: மதுரைத் திட்டத்தில் நான் படித்த புறநானூற்றுப் பதிப்பில் இருப்பது மூலம் மட்டுமே என்பதால், பழந்தமிழ்ப் பயிற்சி இல்லாதவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தின் உரையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அப்படியும் நாங்கள் நாளுக்கு ஒரு பாடலைத் தாண்டுவதில்லை. மீதி நேரம் அத்தை பேசுகிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.