‘சாஃப்ட்வேர் இலவசம்ணா, கண்ட்ரோல் உங்க கையில’ என்று மெசேஜ் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

கரூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் சின்ன அளவில் தொழில் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெப்சைட் போட்டுத் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆறேழு வரிதான், ஆனால் படிக்கிறவர் மடங்கிவிடும்படி எழுதப்பட்டது. அப்படி வந்த ஆளிடம் வேலை கொடுத்தோம். இன்று எங்கள் கம்பெனி பெயரில் இருக்கிற இணைய முகவரி எங்களிடம் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வரிகளைத்தான் ஊர் ஊருக்கு வேறு வேறு ஆட்கள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வேர்ட்பிரஸ் என்பது வெப்சைட் கட்டுகிற மென்பொருள், ப்ளகின் என்பது அதில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கிற துணை மென்பொருள். எங்களுக்கு வந்தது ஏறக்குறைய இப்படி இருந்தது: “அண்ணா, உலகத்துல பத்து வெப்சைட்ல நாலு வேர்ட்பிரஸ்லதான் ஓடுது. ஓப்பன் சோர்ஸ், சாஃப்ட்வேருக்குப் பைசா கிடையாது. அம்பதாயிரத்துக்கு மேல ப்ளகின் இருக்கு, எது வேணும்னாலும் சேத்துக்கலாம். உலகம் பூரா டெவலப்பர்ஸ் செக்யூரிட்டி பாத்துக்கறாங்க. டைப் அடிக்கத் தெரிஞ்சாப் போதும், நீங்களே மாத்திக்கலாம். எங்களைப் புடிக்கலீன்னா நாளைக்கே வேற ஆளுகிட்ட குடுத்துக்கலாம், யாருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லீங்ணா.”

வேர்ட்பிரஸைப் பொறுத்தவரை இதில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. பிரச்சினையே அதுதான். வேர்ட்பிரஸ் 2003இல் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இரண்டு பேர், பி2 என்ற பழைய மென்பொருளிலிருந்து பிரித்து எடுத்து ஆரம்பித்தது. ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வருகிறது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். உலகத் தளங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் அதில் ஓடுகின்றன என்பதும் சரிதான். இப்போது அந்தச் செய்தியை இன்னொரு முறை படியுங்கள். எல்லாமே வேர்ட்பிரஸின் பெருமை. அனுப்பிய ஆள் என்ன செய்வார் என்று ஒரு வார்த்தை கிடையாது. மென்பொருளுக்கு இருக்கிற பெருமையைத் தன் உத்தரவாதம் மாதிரி கேட்கும்படி எழுதுவதில்தான் அவர்களுடைய திறமை முழுக்க இருக்கிறது.

முதல் சங்கடம் இரண்டாம் வருட பில்லில் வந்தது. ஹோஸ்டிங் (தளத்தை வைக்கிற இடத்துக்கு வாடகை), டொமைன் (இணைய முகவரி) என்று போட்டு, அதற்குக் கீழே ‘சிஎம்எஸ் லைசன்ஸ் ரினியூவல்’ என்று ஒரு வரி (சிஎம்எஸ் என்றால் வேர்ட்பிரஸ் மாதிரி தளத்தை நிர்வகிக்கிற மென்பொருள்), மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. இலவசம் என்று சொன்ன சாஃப்ட்வேருக்கு என்ன ரினியூவல் என்று கேட்டதற்கு, “அது ப்ரீமியம் தீம், ப்ரீமியம் ப்ளகின் லைசன்ஸுங்ணா” என்றார் அந்த ஆள். தீம் என்பது தளத்தின் தோற்றத்தைத் தருவது. சரி, வாங்கியிருந்தால் லைசன்ஸ் கீ ஒன்று இருக்குமே, அனுப்புங்கள் என்று என் சித்தப்பா பையன் கேட்டான். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறான், இந்த விவகாரத்தில் எங்களுக்குக் கண் மாதிரி இருந்தது அவன்தான். கீ வரவே இல்லை.

இந்த இடம் பலருக்கும் தெரியாதது, கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வேர்ட்பிரஸுக்கு விற்கிற கட்டண ப்ளகின்களும் பெரும்பாலும் ஜிபிஎல்தான். நாம் கொடுக்கிற பணம் நிரலுக்கு என்பதைவிட, ஒரு வருடத்துக்கான அப்டேட்டுக்கும் உதவிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். உரிமம் அனுமதிப்பதால் அதே ப்ளகினின் ஜிப் கோப்பை வேறு தளங்களில் சும்மாவே போட்டு வைத்திருப்பார்கள். ‘நல்டு’ என்று சொல்லுவார்கள். எடுத்துப் போட்டால் வேலை செய்யும். ஆனால் அந்தக் கோப்பை நடுவில் யார் தொட்டார்கள், உள்ளே என்ன சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கீ இல்லாததால் அப்டேட்டும் வராது. தளத்தை நிர்வகிக்கிற பக்கமான எங்கள் டாஷ்போர்டில் நாலைந்து ப்ளகின்களுக்குக் கீழே ‘இந்த ப்ளகினுக்குத் தானியங்கி அப்டேட் கிடைக்கவில்லை’ என்ற வரி மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது. அதற்குத்தான் வருடா வருடம் ரினியூவல் கேட்டார்.

அடுத்தது ஜெர்மனியிலிருந்து வந்தது. எங்களிடம் கிச்சன் டவல், டேபிள் மேட் எடுக்கிற பழைய பையர், மரியாதையாக ஒரு மெயில் போட்டிருந்தார்: உங்கள் பெயரை கூகுளில் தேடினால் ஜப்பானிய எழுத்தில் ஏதோ வருகிறது, கவனியுங்கள் என்று. எங்கள் தளத்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதே ஏப்ரன் படம், அதே தொடர்பு எண். சித்தப்பா பையன்தான் கூகுளில் ‘சைட்’ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, பக்கத்தில் எங்கள் முகவரியைப் போட்டுத் தேடச் சொன்னான். பக்கம் பக்கமாக ஜப்பானிய எழுத்து. கைப்பை, கைக்கடிகாரம், ஷூ விலைப்பட்டியல். எல்லாம் எங்கள் டொமைனுக்குக் கீழே. சொடுக்கினால் ‘பக்கம் இல்லை’ என்று காட்டியது. கூகுள் ரோபோ வந்தால் மட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். தளத்தின் சொந்தக்காரன் வருடக்கணக்காகக் கவனிக்காமலே இருக்கலாம். பையர் மட்டும் கவனித்துவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்.

உள்ளே நுழைந்து பார்த்தபோது தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பின் உச்சியில், ஒரே வரியில் திரை கொள்ளாத நீளத்துக்குக் குழப்பமான எழுத்துகள். பயனர் பட்டியலில் நாங்கள் யாரும் உருவாக்காத ஒரு அட்மின். இது புதுத் தந்திரமும் இல்லை. நல்டு தீம், ப்ளகின் வழியாகவே பரவுகிற ‘டபிள்யூபி-விசிடி’ என்ற மால்வேர் பற்றிப் பாதுகாப்பு நிறுவனங்கள் 2019இலேயே விரிவாக எழுதியிருக்கின்றன.

“உலகம் பூரா டெவலப்பர்ஸ் செக்யூரிட்டி பாத்துக்கறாங்க” என்ற வரிக்கு இப்போது வருவோம். பார்த்துக்கொள்கிறார்கள்தான். ஓட்டை தெரிந்தால் அடைத்து, புதுப் பதிப்பு வெளியிடுவார்கள். அதை நம் தளத்தில் போடுவது நம் ஆளின் வேலை. வேர்ட்பிரஸ் மாதிரியே இன்னொரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ட்ரூபல். 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7இல் பெரிய ஓட்டை ஒன்றுக்குத் தீர்வு வெளியானது. வெளியாகி ஏழு மணி நேரத்துக்குள் போடாத தளம் எல்லாம் ஹேக் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று ட்ரூபல் பாதுகாப்புக் குழுவே பின்னால் அறிவித்தது. தீர்வு வந்தால், ஓட்டை எங்கே இருந்தது என்பதும் திருடனுக்குத் தெரிந்துவிடும். 2016இல் பனாமா பேப்பர்ஸ் என்ற ரகசிய ஆவணக் கசிவு வெளிவந்தபோது, அந்த ஆவணங்களை வைத்திருந்த சட்ட நிறுவனத்தின் தளம் பழைய ஸ்லைடர் ப்ளகினோடு வேர்ட்பிரஸிலும், வாடிக்கையாளர் பக்கம் அப்டேட் செய்யாத பழைய ட்ரூபலிலும் ஓடிக்கொண்டிருந்ததை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். கசிவு அந்த வழியாகத்தான் நடந்தது என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் அவ்வளவு ரகசியம் வைத்திருந்தவர்களின் கதவு அந்த லட்சணத்தில் இருந்தது.

வேர்ட்பிரஸில் 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே ஏறிக்கொள்ளும். எங்கள் தளத்தில் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏன் என்றால், சைல்டு தீம் என்று தனியாக ஒன்று வைத்து அதில் மாற்றம் செய்வதற்குப் பதிலாக மூலத் தீமின் கோப்புகளிலேயே கை வைத்திருக்கிறார்கள். தீமுக்கு அப்டேட் போட்டால் அத்தனையும் அழிந்துவிடும். தன் வேலை அம்பலமாகக் கூடாதென்று ஒட்டுமொத்தமாக எல்லா அப்டேட்டையும் பூட்டிவிட்டார். கேட்டால் “ஸ்டேபிளா இருக்கட்டும்னுதாங்ணா” என்று பதில்.

நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்ற கதை சுருக்கமானது. எங்களுக்குக் கொடுத்தது எடிட்டர் லாகின். அதில் பதிவு எழுதலாம், படம் ஏற்றலாம். அடியில் இருக்கிற தொலைபேசி எண்ணை மாற்ற முடியாது, ப்ளகின் பக்கத்தையே பார்க்க முடியாது. மேலே சொன்ன டாஷ்போர்டு விவரங்கள் எல்லாம், ஹேக் ஆன பிறகு சண்டை போட்டு அட்மின் லாகின் வாங்கியதால் தெரிந்தவை.

சரி, வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினோம். அங்கேதான் உண்மையான வலை இருந்தது. வேர்ட்பிரஸிலிருந்து உள்ளடக்கத்தை எக்ஸ்போர்ட் செய்ய மெனுவிலேயே வழி இருக்கிறது. எடுத்தோம். வேறு இடத்தில் ஏற்றிப் பார்த்தால், எங்கள் தயாரிப்பு விவரங்களுக்கு நடுநடுவே சதுர அடைப்புக்குறிக்குள் ‘விசி ரோ’, ‘விசி காலம்’ என்று குறியீடுகள் வரிசை வரிசையாக. பக்கங்களை எல்லாம் பேஜ் பில்டர் என்ற, பக்கம் வடிவமைக்கிற ப்ளகின் ஒன்றில் கட்டியிருக்கிறார்கள். அந்த பில்டர் இல்லையென்றால் பக்கம் இப்படித்தான் கிடக்கும். வேர்ட்பிரஸ் நம்மைக் கட்டிப்போடாது, அதன் மேல் ஏற்றி வைத்தது கட்டிப்போடும். இதையாவது உட்கார்ந்து கையால் துடைத்துவிடலாம், துடைத்தும்விட்டோம்.

டொமைனை அப்படித் துடைக்க முடியாது. டாட் காம் முகவரி. பணம் நாங்கள் கொடுத்தது, பில்லிலும் இருக்கிறது. ஆனால் டொமைனைப் பதிவு செய்து தருகிற ரெஜிஸ்ட்ராரிடம் பதிவு வெப்சைட் போட்டவர் பெயரில், அவர் மெயிலில். டொமைன்களுக்கான உலக அமைப்பான ஐகானின் விதிப்படி, மாற்றிக்கொண்டு போகத் தேவையான ஆத் கோடைக் கேட்ட ஐந்து நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் கொடுக்க வேண்டும். யாருக்கு? பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. நாங்கள் போன் செய்தபோது, கணக்கு உங்கள் பெயரில் இல்லையே சார் என்று தன்மையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை: மெயிலும் அதே டொமைனில்தான். பையர் அனுப்புகிற பர்சேஸ் ஆர்டர், பேங்க் கடிதம் எல்லாம் அதில்தான் வருகிறது. டொமைன் யாரிடமோ அவரிடமே நம் தபால் பெட்டிச் சாவியும் இருக்கிறது. ரினியூவல் பாக்கியைக் கட்டினால்தான் டிரான்ஸ்ஃபர் பற்றிப் பேசலாம் என்று அவர் சொல்லும் தைரியம் அங்கிருந்து வருகிறது. “யாருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லீங்ணா” என்று எழுதிய அதே கை.

உங்கள் டொமைன் யார் பெயரில் என்று பார்க்க, பதிவு விவரம் காட்டுகிற ஹூஇஸ் தேடலை மட்டும் நம்ப வேண்டாம். 2018க்குப் பிறகு பெரும்பாலும் உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டே வருகிறது. ரெஜிஸ்ட்ரார் யார், காலாவதி எப்போது என்பது மட்டும் தெரியும். ரினியூவல் நினைவூட்டல் மெயில் உங்களுக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் உங்கள் பெயரில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகு திருச்சியில் வெப்சைட் வேலை செய்கிற ஒரு அம்மாவிடம் பேசினோம். அவரும் வேர்ட்பிரஸ்தான். அவர் அனுப்பிய செய்தியும் சின்னதுதான், ஆனால் அதில் உலகம் பூரா என்ற வார்த்தையே இல்லை. மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை, என் வேலைக்கு இவ்வளவு. டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் பெயரில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள், கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். அட்மின் லாகின் உங்களுக்கு. மாதம் ஒரு முறை அப்டேட், அவசரத் திருத்தம் வந்தால் அன்றைக்கே, அதற்கு வருடம் இவ்வளவு. கட்டண ப்ளகின் இரண்டு, கீ உங்கள் மெயிலுக்கு வரும். பேக்கப் உங்கள் டிரைவில். நான் விலகினால் எதையும் கேட்டு வாங்க வேண்டியிருக்காது. இவ்வளவுதான். படித்தபோது என் அப்பா, “இதென்ன கொட்டேஷன் மாதிரி இருக்குது” என்றார். ஓப்பன் சோர்ஸைப் பற்றி இதைவிட நல்ல விளம்பரம் நான் பார்த்ததில்லை.

இப்போதைய நிலவரம்: வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு எடுத்த சேவை என்றால் அங்கே இழுபறியாகும், சுயதொழில் பிழைப்பு என்று காட்ட முடிந்தால்தான் வழி என்றார். எங்களுக்கு அது கடினம், உங்களுக்குப் பொருந்தலாம். அதுவரை புது டொமைன் வாங்கி, பையர் ஒவ்வொருவருக்கும் மெயிலோடு போனும் செய்து புது முகவரி சொல்லிக்கொண்டிருக்கிறோம். மெயிலில் மட்டும் சொன்னால் மோசடி என்று நினைத்துவிடுவார்கள், முக்கியமாக வங்கி விவரம் இருக்கிற இடத்தில்.

அந்தச் செய்தி அனுப்பியவரிடம் ஏற்கெனவே வேலை கொடுத்திருக்கிறீர்கள் என்றால், சண்டையை ஆரம்பிக்கும் முன்பே டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பேச்சு நல்லபடியாக இருக்கிறபோது ஐந்து நிமிட வேலை அது. அது கைக்கு வந்த பிறகு லைசன்ஸ் பில்லைப் பற்றிப் பேசுங்கள்.