36,000 ரூபாய் போச்சு: டார்க் டி-ஷர்ட் பிரிண்ட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறவங்க இத படிச்சிட்டுப் போங்க

நாளன்னிக்கு தைப்பூசக் காவடி. கோயில்ல தலைக்கு மேல வேலை கெடக்கு, நான் இங்க உக்காந்து டி-ஷர்ட் பத்தி டைப் பண்ணிட்டிருக்கேன், வயிறு அவ்வளவு எரியுது. மொரிஷியஸ்ல ரோஸ் ஹில், காத்ர் போர்ன், போ பஸேன் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க முக்கியமா படிங்க, இந்த சீசன்ல கோயில் குழுவுக்கெல்லாம் சட்டை அடிக்கறது வழக்கமாச்சே. கடை பேர் போடல, போட்டா வக்கீல் நோட்டீஸ் விடுவேன்னு கடைக்காரன் ஏற்கெனவே மெரட்டிட்டான். சோஷியல் மீடியாவுல பக்கம் வெச்சு ஆர்டர் எடுக்கற கஸ்டம் டி-ஷர்ட் கடை, சின்னதா ஒரு ஷோரூம், உள்ள ஒரு டிடிஜி பிரிண்டிங் மெஷின். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

விஷயம் இதான். காவடி எடுத்துட்டு வர்றவங்களுக்கு வழி நெடுக தண்ணி, எலுமிச்சம்பழ ஜூஸ் குடுக்கற தொண்டர் குழு எங்களுது, 60 பேர். அன்னிக்கு ரோடு முழுக்க பிங்க் கலரா இருக்கும், அதுல எங்க பசங்கள அடையாளம் தெரியணும்னு அடர் மெரூன் சட்டை, முதுகுல வெள்ளை வேல், பின்னாடி மயில்தோகை, கீழ தமிழ்ல ரெண்டு வரி. தோகையில எத்தன கலர் இருக்குன்னு உங்களுக்கே தெரியும், ஸ்கிரீன் பிரிண்ட்னா கலருக்கு ஒரு ஸ்கிரீன் போடணும்னு சொல்லி ஒரு கடையில பெருசா கேட்டாங்க, அதனாலதான் டிடிஜி, அதாவது பேப்பர்ல அடிக்கற மாதிரி நேரா துணிமேல இங்க் அடிக்கறது, ஸ்கிரீனே வேணாம்.

இவன்கிட்ட போனோம். உள்ள நுழைஞ்சதும் நெத்தியில விபூதியோட எழுந்து வந்தான், "வாங்க அண்ணே"ன்னு ஆரம்பிச்சு பாதி தமிழ் பாதி கிரியோல்ல (இந்த ஊர் பேச்சு மொழி) பேசறான். தைப்பூசத்துக்கு நானும் விரதம்தான், நானும் காவடி எடுக்கறேன்னு சொன்னான். அப்பறம் ஒரு கறுப்பு சாம்பிள் சட்டைய எடுத்து என் கையில குடுத்து "இழுத்துப் பாருங்க அண்ணே"ன்னான். இழுத்தேன், வெள்ளை விரிசல் விடல, தடவுனா துணியோட நெசவே கைக்குத் தெரியுது, அருமையான வேலை, அத நான் இப்பவும் மறுக்கல. சட்டைக்கு 450 ரூபாய், 60 சட்டைக்கு 27,000. கோயில் காரியம்னு லாபமே வெக்கலன்னு வேற. விரதத்துல இருக்கறவன் வாயில பொய் வருமான்னு யார் நெனப்பா? அங்க நின்னபடியே ஃபோன்ல இருந்து முழுப் பணமும் அனுப்பிட்டேன். பில் கேட்டா 15 பெர்சென்ட் வாட் வரி சேரும் அண்ணே, நமக்குள்ள என்னத்துக்குன்னு சிரிச்சான்.

அடுத்த வாரம் மெசேஜ். 450 வெள்ளை சட்டை ரேட்டாம், டார்க் சட்டைக்கு தலைக்கு 150 எக்ஸ்ட்ரா, 9,000 அனுப்பினாதான் மெஷின்ல ஏத்துவாராம். டேய், மெரூன் துணிய உன் டேபிள் மேல விரிச்சு வெச்சுதானே ரேட் பேசுனோம்! ஆனா நாள் இல்ல, பசங்ககிட்ட மறுபடி கையேந்தி 150 150-ஆ வாங்கி அனுப்பினேன். மொத்தம் 36,000.

சட்டை வந்தப்ப பாக்க பளபளன்னுதான் இருந்துச்சு. ஒண்ணு, தமிழ் எழுத்து ஒடஞ்சிருக்கு. "தொண்டர்"ல கொம்பும் காலும் எடம் மாறி, நடுவுல புள்ளி வட்டம் வேற. எழுத்த அவன் சாஃப்ட்வேர்ல மறுபடி டைப் பண்ணிருக்கான், நான் படமா அனுப்புனத அப்படியே அடிச்சிருந்தா இது வந்தே இருக்காது. சரி போகட்டும்னு வீட்ல எல்லாரும் புதுத்துணிய ஒரு அலசு அலசிப் போட்டாங்க. வேல் பாதி கரைஞ்சு போச்சு, மிச்சம் இருக்கற பாதி பிங்க்கா நிக்குது. தோகையில பச்சையும் நீலமும் சேறு மாதிரி. ஒரு சட்டை ரெண்டு சட்டை இல்ல, எல்லாமே.

திருப்பூர்க்காரப் பையன் ஒருத்தன் இங்க கார்மென்ட் ஃபேக்டரியில பிரிண்டிங் செக்‌ஷன்ல இருக்கான், அவன்கிட்ட கொண்டு போனேன். கையில வாங்குனதும் லேபிளத்தான் மொதல்ல பாத்தான், "அண்ணே இது காட்டனே இல்ல, பாதி பாலியஸ்டர்"னான். டிடிஜி இங்க் காட்டன்லதான் ஒழுங்கா பிடிக்குமாம். பாலியஸ்டர் சாயம் சூடு பட்டா ஆவியாகி மேல இருக்கற வெள்ளைக்குள்ள ஏறிடும், அதான் மெரூன் சட்டையில வெள்ளை வேல் பிங்க் ஆயிருக்கு. 100 பெர்சென்ட் காட்டன்னு எங்ககிட்ட சொல்லித்தான் வித்தான், அத இங்க அழுத்தி எழுதறேன்.

டார்க் சட்டைக்கு கூட காசு கேக்கறது நியாயமான்னு அந்த திருப்பூர் பையன்கிட்டயே கேட்டேன். நியாயம்தான் அண்ணே, ஆனா அந்தக் காசுக்கு உண்டான வேலைய செய்யணும்லன்னான். வெள்ளை சட்டையில கலர் இங்க் மட்டும் போதும், துணியே வெள்ளையா உதவுது. டார்க்ல கலர் தெரியணும்னா அடியில வெள்ளை இங்க் ஒரு படலம் அடிச்சு அதுக்கு மேல கலர் அடிக்கணும், முதுகு முழுக்க டிசைன்னா வெள்ளைதான் குடம் குடமா குடிக்கும். அந்த வெள்ளையில டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கு, கனம், சும்மா விட்டா அடியில தங்கிடும், இங்க் வர்ற பிரிண்ட் ஹெட் அடைச்சுக்கும், அதனால தெனமும் கலக்கணும், கிளீனிங்ல இங்க்க கொட்டணும், அந்த செலவும் நம்ம தலையிலதான். அதுக்கெல்லாம் முன்னாடி பிரீட்ரீட்மென்ட்னு ஒரு திரவம், உப்பும் பைண்டரும் (ஒட்ட வெக்கற பொருள்) கலந்தது, சட்டை மேல ஸ்பிரே பண்ணி ஹீட் பிரஸ்ல காய வெக்கணும், சுவத்துக்கு பிரைமர் அடிக்கற மாதிரி. அது இருந்தாத்தான் வெள்ளை இங்க் துணிக்குள்ள எறங்காம மேலயே கெட்டியாகி நிக்கும். கடைசியா 160 டிகிரி பக்கத்துல சூடு வெச்சு க்யூர் பண்ணணும், அதாவது இங்க்க துணியில நல்லா இறுக வெக்கணும், இங்க்கப் பொறுத்து ஒரு சட்டைக்கு ரெண்டு மூணு நிமிஷம்கூட எடுக்கும். எங்க சட்டையில பிரீட்ரீட்மென்ட் பேருக்குத்தான் இருக்கு, க்யூரும் பாதிதான் ஆயிருக்குங்கறான். அதாவது எந்த வேலைக்குன்னு 9,000 கூட வாங்குனானோ, சரியா அந்த வேலையத்தான் திருடியிருக்கான்!

இனி கடைக்காரன் சொன்ன பதிலெல்லாம் கேளுங்க. மொதல்ல "பா த்ராகாஸே (கவலப்படாதீங்க) அண்ணே, நாளைக்கு பாக்கறேன்". நாளைக்கு போனா வெள்ளை இங்க் தீந்துருச்சு, ஃபாரின்ல இருந்து வரணும். அப்பறம் சைக்ளோன் வார்னிங், கடை லீவு, அன்னிக்கு வார்னிங் கிளாஸ் 1 தான், அதாவது ஆரம்பக் கட்டம், பஸ்ஸெல்லாம் ஓடிட்டிருந்துச்சு, இவன் கடைக்கு மட்டும் புயல். அப்பறம் கொஞ்ச நாள் ப்ளூ டிக் மட்டும். கடைசில நேர்ல போயி நின்னா கவுண்டர்ல ஒரு பொண்ண விட்டுட்டான், அது பாவம் "நீங்க வெந்நீர்ல துவைச்சீங்களா, உள்பக்கம் வெளிய திருப்பினீங்களா"ன்னு எழுதிக் குடுத்தத ஒப்பிக்குது. பச்சத்தண்ணிம்மா, கையால அலசுனதும்மா. ஓனர் எங்கன்னா கோயிலுக்குப் போயிருக்காராம். பணம் திருப்பிக் கேட்டேன், கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கெடையாதாம், வேணும்னா அடுத்த ஆர்டர்ல 10 பெர்சென்ட் தள்ளுபடியாம். 36,000 ரூபாய்க்கு கூப்பன் குடுக்கறான்! அதுல பாதி பசங்க ஓவர்டைம் பாத்து குடுத்த காசு.

நுகர்வோர் புகார் எழுதிட்டிருக்கேன், பில் இல்லாம ஃபோன் டிரான்ஸ்ஃபர் ஸ்கிரீன்ஷாட்ட வெச்சுத்தான் எழுதறேன், பாப்போம்.

என்ன கவனிக்கணும்னு வெவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், கோயில்ல இருந்து ஃபோன் மேல ஃபோன் வருது, முக்கியமானத மட்டும் சொல்றேன். ரேட் கேக்கும்போதே சட்டை கலரையும் டிசைன் சைஸையும் சொல்லி, வெள்ளை இங்க், பிரீட்ரீட்மென்ட் எல்லாம் சேர்த்துத்தான்னு எழுத்துல வாங்குங்க. சாம்பிள் சட்டைய நம்பாதீங்க, உங்க டிசைன உங்க துணியில ஒண்ணு அடிக்கச் சொல்லி வீட்ல துவைச்சுப் பாத்துட்டு மிச்சத்துக்கு காசு குடுங்க. லேபிளப் படிங்க. தமிழ் எழுத்த படமா மாத்தி அனுப்புங்க. பாலியஸ்டர் கலந்த துணிதான் வேணும்னா டிடிஜி கேக்காதீங்க, ஃபிலிம்ல அடிச்சு ஒட்டற டிடிஎஃப் இருக்கு, கொஞ்சம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், சாயம் ஏறுமா ஏறாதான்னு அதுலயும் ஒண்ணு அடிச்சுப் பாத்துக்கங்க. பில்லு, பில்லு, பில்லு.

இன்னிக்கு காலையில கடைக்காரன் தன்னோட சோஷியல் மீடியா பக்கத்துல புது போஸ்ட் போட்டிருக்கான், வருஷப்பிறப்புக்கு குரூப் ஆர்டர் ஆரம்பமாம், சட்டைக்கு 400 ரூபாயாம், படத்துல அதே கறுப்பு சாம்பிள். கீழ மூணு குழு "இன்பாக்ஸ் பண்ணிருக்கோம்"னு கமென்ட் போட்டிருக்கு, அதுல ஒண்ணு எங்க பக்கத்து ஊர் கோயில். நான் போட்ட கமென்ட்ட அழிச்சிட்டான். அந்த குழுவுல யாரையாவது தெரிஞ்சா இப்பவே ஃபோன் போட்டு பணம் அனுப்ப வேணாம்னு சொல்லுங்க.