பித்தளைப் பொடிக்குத் தங்க விலை: கின்ட்சுகி கிஃப்ட் செட் வாங்குமுன் படியுங்கள்

உடைந்த பீங்கானை ஒட்டி, ஒட்டிய கோட்டில் தங்கப் பொடி தூவும் ஜப்பானிய முறை கின்ட்சுகி. அதற்கான செட் ஒன்றின் பெட்டியின் மேல் இப்படி எழுதியிருந்தது: "ஜப்பானியப் பாரம்பரியக் கின்ட்சுகி செட். அசல் தங்கப் பொடி 5 கிராம். ஒட்டிய கோப்பையில் மறுநாளே டீ குடிக்கலாம்." விலை 1,899 ரூபாய். உள்ளே ஏ, பி என்று குறித்த இரண்டு சின்ன ட்யூப், ஜிப் கவரில் மஞ்சள் பொடி, இரண்டு ஐஸ் குச்சி, ஒரு பிரஷ், ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறை, வழவழ தாளில் அச்சிட்ட சிறு புத்தகம். ட்யூபில் தயாரித்தவர் பெயர் இல்லை. எந்த நாட்டுச் சரக்கு என்று இல்லை. தேதியும் இல்லை.

பி ட்யூபின் மூடியைத் திருகியதுமே அழுகிய முட்டை வாடை. அந்த வாடையே போதும், இது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஐந்து நிமிட எபாக்ஸி, அதாவது ஏ, பி இரண்டையும் கலந்தால் இறுகும் பசை. அதைச் சீக்கிரம் இறுக வைக்கும் கந்தகச் சேர்மத்தின் வாடைதான் அது. புத்தகத்தில் சொன்னபடியே கோப்பை ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டு, டீ ஊற்றிப் பார்த்தாயிற்று. நாலாவது தடவை டீ ஊற்றியதும் நகத்தால் அழுத்தினால் ஒட்டிய கோடு மெழுகு மாதிரி அமுங்கியது. எலுமிச்சை டீ ஊற்றி ஓர் இரவு விட்டதில் தங்கக் கோடு பழுப்பாகி, ஓரத்தில் பச்சை தட்டியது. விற்றவரிடம் கேட்டால், "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க முடியாது" என்று ஒரே வரியில் பதில். பயன்படுத்தாமல் எப்படித் தெரியும்?

இதே மாதிரிப் பெட்டி இப்போது கல்யாணப் பரிசு, பிறந்தநாள் பரிசு, புதுமனைப் பரிசு என்று எல்லா வீட்டுக்கும் போகிறது. வாங்குகிறவர் ஆசையாக வாங்குகிறார், பெறுகிறவர் நம்பிக் குடிக்கிறார். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறோம்.

முதலில் பொடி. ஒரு கிராம் தங்கம் இன்றைக்கு என்ன விலை என்று நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்து கிராம் தங்கத்தைப் பொடியாக்கி, பசையும் பிரஷும் சேர்த்து 1,899 ரூபாய்க்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். அசல் தங்கம் வரும் செட்டில் 0.1 கிராம் போலத்தான் இருக்கும், ஒரு கோப்பையின் விரிசலுக்கு அதுவே தாராளம். ரகமும் எழுதியிருப்பார்கள்: தங்க ரேக்கை அரைத்த மிக நைசான பொடி கெஷிஃபுன், உருண்டை மணியாக இருக்கும் பொடி மருஃபுன். "கோல்டு பவுடர்" என்று மட்டும் இருந்தால் அது நிறத்தின் பெயர், உலோகத்தின் பெயர் கிடையாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணாடி டம்ளர் நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையளவு பொடியைப் போட்டுக் கலக்குங்கள். திரவம் விடாவிட்டால் எந்த நைசான பொடியும் மேலே மிதந்து ஏமாற்றும். தங்கம் நீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம், மருஃபுன் சீக்கிரம் அடியில் படியும், மிக நைசான கெஷிஃபுன் மெதுவாகத்தான் படியும். மினுமினுத்துக்கொண்டே வெகுநேரம் சுற்றினால் அது மைக்காவாக, அதாவது நிறமேற்றிய அபிரகப் பொடியாக இருக்கலாம். படிந்துவிட்டால், இன்னொரு சிட்டிகையை எலுமிச்சைச் சாற்றில் ஓர் இரவு ஊற விடுங்கள். தங்கம் அசையாது. பித்தளை மங்கும், சாறு பச்சை கலந்து தெரியும்.

இதற்குமேல் விளக்கம் நம் சமையலறைக்குத் தேவையே இல்லை. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது, களிம்பு ஏறும் என்று பாட்டிமார் சொன்னது பித்தளையில் இருக்கும் இதே செம்பு பற்றித்தான். புளிப்பு பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும். கோப்பையின் உள்பக்கம் பித்தளைக் கோடு போட்டு அதில் எலுமிச்சை டீ குடிப்பதும், ஈயம் போன பாத்திரத்தில் ரசம் வைப்பதும் ஒன்றுதான். பித்தளை என்று சொல்லியே விற்கிற செட்டுகளும் உண்டு, அலங்காரத் தட்டுக்கு அது தாராளமாகப் போதும். தங்கம் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

பொடியைவிடப் பசை பெரிய கவலை. சாதாரண ஐந்து நிமிட எபாக்ஸி 50, 60 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். ஊற்றுகிற டீ 80 டிகிரிக்கு மேல். ஒட்டியது கைப்பிடி என்றால் கொதிக்கிற டீ மடியில்தான் கொட்டும். ஏ, பி இரண்டும் சம அளவில் கலந்தால்தான் முழுதாக இறுகும், ஐஸ் குச்சியில் கண்ணளவாகக் கலக்கும்போது ஏதாவது ஒன்று கூடிவிடும். அப்படிக் கூடிய பகுதி வினைபுரியாமல் பிசுபிசுவென்று உள்ளேயே கிடக்கும், சூட்டில் அதுதான் முதலில் கசியும். கலவையிலேயே பொடியைக் கொட்டிக் கலக்கச் சொல்கிறார்கள், அதுவும் பிடிப்பைக் குறைக்கும்.

"எஃப்டிஏ அப்ரூவ்டு", அதாவது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புக்கொண்டது என்று பெட்டியில் போட்டிருந்தால் எந்த விதி என்று கேளுங்கள். உணவு படும் பிசின் பூச்சுக்கான அமெரிக்க விதியின் எண் 175.300. அதற்குப் பொருந்தும் எபாக்ஸி உண்டு. ஆனால் குறிப்பிட்ட கலவை விகிதத்தில், குறிப்பிட்ட காலம் முழுதாக இறுகிய பிறகுதான் பொருந்தும், மேலே தூவும் பொடிக்கு அந்தச் சான்று போகாது. எண்ணும் சொல்லாமல், பசையின் பெயரும் சொல்லாமல் நழுவினால் வாங்காதீர்கள். ஜப்பானிலேயே எபாக்ஸி முறை உண்டு, அதற்கு "கன்இ கின்ட்சுகி", எளிய கின்ட்சுகி என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நேர்மையான விற்பனையாளர் வாய் படும் பாத்திரத்துக்கு வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருப்பார். இங்கே வரும்போது "எளிய" என்ற சொல்லும் காணாமல் போகிறது, எச்சரிக்கையும் காணாமல் போகிறது.

அசல் வேலை எது என்று தெரிந்தால் போலியைப் பார்த்ததும் பிடித்துவிடலாம். அதன் பசை உருஷி, ஒரு மரத்தின் பால். மரம் வளர 10 முதல் 15 ஆண்டு ஆகும், பட்டையைக் கீறி ஒரு பருவம் முழுக்க வடித்தால் சுமார் 200 மில்லி கிடைக்கும், பிறகு மரத்தையே வெட்டிவிடுவார்கள். ஜப்பானுக்குள் கிடைக்கும் உருஷியில் பெரும்பகுதி இவாத்தே மாவட்டத்து ஜோபோஜி பக்கத்தில் எடுப்பது. ஜப்பானில் புழங்குவதில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது, அது குறையில்லை, அதுவும் உருஷிதான்.

சில்லுகளின் கூர் ஓரத்தை வைர அரத்தால் லேசாக மழுக்கி, கழுவிக் காயவைத்து, மெல்லிய உருஷி தடவித் துடைப்பார்கள். கோதுமை மாவை நீரில் பிசைந்து இழுத்தால் நீளும் பதத்துக்குக் கொண்டுவந்து, ஏறக்குறைய அதே அளவு பதப்படுத்தாத உருஷியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் முகி உருஷி, அதுதான் ஒட்டும் பசை. ஒட்டி, டேப் போட்டுக் கட்டி, முரோ என்ற ஈரப்பெட்டியில் வைப்பார்கள். உருஷி வெயிலில் காயாது. 20 முதல் 30 டிகிரி சூட்டில், 70 முதல் 85 சதவீத ஈரப்பதத்தில், காற்றின் ஈரத்தை வைத்துத்தான் இறுகும். (சென்னை மழைக்காலக் காற்று இதற்கு ஏறக்குறைய முரோ மாதிரியேதான். ஈரம் மிஞ்சினால் மேல்தோல் அவசரமாக இறுகிச் சுருங்கிப்போகும்.) ஒட்டு இறுக மட்டும் ஒன்றிரண்டு வாரம். பிறகு சாணைக்கல் தூளும் உருஷியும் கலந்த சபி உருஷியால் பள்ளத்தை மெல்லிய அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கும் இறுகியதும் நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தடியாக ஒரே தடவையில் அப்பினால் உள்ளே காயவே காயாது. அதன்மேல் கறுப்பு உருஷி, கடைசியில் சிவப்பு உருஷியால் மயிரிழைக் கோடு, அது அரைப்பதமாக இறுகும் நேரம் பார்த்துத் தங்கம் தூவுதல். மெருகேற்ற அகேட் கல்லையோ, ஜப்பானில் "தாய்" என்று அழைக்கும் கடல் மீனின் பல்லையோ பயன்படுத்துவார்கள். மொத்தம் ஒன்று முதல் மூன்று மாதம். "மறுநாளே டீ" என்ற ஒரு வரியே பெட்டியில் உருஷி இல்லை என்று சொல்லிவிடுகிறது.

அசல் உருஷி செட்டிலும் ஓர் ஏமாற்று நடக்கிறது: தோல் எரிச்சல் பற்றிய எச்சரிக்கை இல்லாமலே விற்கிறார்கள். உருஷி மரமும் நம்மூர்ச் சேராங்கொட்டை, மா, முந்திரி ஆகியவையும் ஒரே குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவருக்கு இதுவும் புரியும்: இறுகாத உருஷி பட்டால் ஒன்றிரண்டு நாளில் தடித்து, சிவந்து, கொப்புளம் கிளம்பும். மாங்காய்ப் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே வேண்டாம். நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம், பெட்டியில் வரும் தளர்ந்த பிளாஸ்டிக் கையுறை போதாது. பட்டுவிட்டால் முதலில் சமையல் எண்ணெயால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு. குழந்தைகளுக்கு இந்தச் செட்டைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். முழுதாக இறுகிய உருஷி பத்திரமானது, ஜப்பானியச் சூப் கிண்ணங்களின் பூச்சே அதுதான்.

ஏற்கெனவே "கின்ட்சுகி செய்த" கோப்பை, பூந்தொட்டி என்று விற்பவற்றில் பெரும் பித்தலாட்டம் அச்சிட்ட கோடு. உடையாத கோப்பையில் தங்க ஸ்டிக்கரை ஒட்டிச் சூளையில் சுட்டிருப்பார்கள். விளிம்பில் பாருங்கள்: அசல் விரிசல் வெளியே எங்கே இறங்குகிறதோ அதே இடத்தில் உள்ளேயும் இறங்க வேண்டும். நகத்தை ஓட்டினால் கோடு இலேசாகத் தட்ட வேண்டும். நான்கு கோப்பையிலும் ஒரே கோலத்தில் விரிசல் இருந்தால் சொல்லவே வேண்டாம். சந்தையில் பானை வாங்குவதுபோல விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உடைந்து ஒட்டிய கோப்பை "டொக்" என்று அடங்கும், உடையாதது "ணங்" என்று நீளும்.

அந்தச் சிறு புத்தகத்தில் ஒரு கதை: பதினைந்தாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஷோகன் அஷிகாகா யோஷிமாசா தன் உடைந்த கிண்ணத்தைச் சீனாவுக்கு அனுப்பினார், இரும்புப் பிடி போட்டுத் திரும்பி வந்தது, அதனால் கின்ட்சுகி பிறந்தது என்று. பக்கத்தில் தங்கக் கோடு போட்ட கிண்ணத்தின் படம். கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் பகோஹான் கிண்ணம் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பச்சை மெருகு, அதில் உலோகப் பிடிகள்தான் தெரியும், தங்கம் இல்லை. படத்தைக்கூட உண்மையாகப் போட மனமில்லாதவர் பொடியை எப்படி உண்மையாகப் போடுவார்?

வாங்கி ஏமாந்தவர்கள் பெட்டியையும் பில்லையும் தூக்கி எறியாதீர்கள். பொதிந்த சரக்கில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், அளவு, விலை எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாததைப் போட்டோ எடுத்து வையுங்கள். "அசல் தங்கம்" என்று எழுதிய பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், புகார் போனதும் அந்த வரியைத்தான் முதலில் மாற்றுவார்கள். ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எபாக்ஸியில் ஒட்டிய கோப்பை கையில் இருந்தால் இன்றே டீக்கு எடுப்பதை நிறுத்துங்கள். மைக்ரோவேவில் கண்டிப்பாக வைக்காதீர்கள், உலோகப் பொடி பொறி பறக்கும். பேனா போடலாம், நிழலில் சின்னச் செடி வைக்கலாம், வெயிலில் எபாக்ஸி மஞ்சளாகிவிடும். மனதுக்கு நெருக்கமான கோப்பை என்றால் மீட்கவும் வழி உண்டு. சமையலுக்கு எடுக்காத பழைய பாத்திரத்தில், பச்சைத் தண்ணீரில் அடியில் துணி விரித்துக் கோப்பையை வைத்து, மெதுவாகச் சூடேற்றிப் பத்து இருபது நிமிடம் கொதிக்க விடுங்கள். கொதிநீரில் நேராகப் போட்டால் புதிதாக விரிசல் விடும். ஒட்டு இளகியதும் கையுறையோடு சில்லுகளைப் பிரித்து, ஒட்டியிருப்பதைப் பிளேடால் சுரண்டி, மிச்சத்தை அசிட்டோனில் ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். ஓரங்கள் சுத்தமானால் அதே சில்லுகளை உருஷியில் முறையாக ஒட்டலாம்.