ரசம் எந்தப் பக்கம்: வீட்டுக் கண்ணாடியும் ஆறன்முளைக் கண்ணாடியும்

ஒரு தடித்த அட்டையின் முனையை வீட்டுக் கண்ணாடியின் மேல் வைத்துப் பாருங்கள். அட்டையும் அதன் பிம்பமும் ஒன்றையொன்று தொடாது. நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். கேரளத்தின் ஆறன்முளையில் செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்க்கும் உலோகக் கண்ணாடியில் அந்த இடைவெளி இருக்காது. முனையும் பிம்பமும் ஒட்டியே நிற்கும்.

காரணம் எளிது. வீட்டுக் கண்ணாடியில் ரசப்பூச்சு, அதாவது ஒளியை எதிரொளிக்கும் உலோகப் பூச்சு, பின்புறம் இருக்கிறது. ஒளி முதலில் கண்ணாடிக்குள் நுழைந்து விலகுகிறது, ரசத்தில் பட்டு எதிரொளிக்கிறது, வெளியேறும்போது மீண்டும் விலகுகிறது. ஆறன்முளையில் மெருகேற்றிய உலோகப் பரப்பே ஆடி. கதிர் எதற்குள்ளும் நுழைவதில்லை. பாடநூலில் ஒரே கோடாக வரைந்திருக்கும் சமதள ஆடி உண்மையில் இந்த இரண்டாம் வகைதான்.

ஆடியின் முன் குண்டூசிகளை நட்டுப் படுகதிரையும் எதிரொளித்த கதிரையும் வரையும் குண்டூசிச் சோதனை செய்யும் மாணவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். கண்ணாடியின் இரு முகங்களும் இணையாக இருப்பதால் படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாகவே வரும். கோணமானி எந்தக் குறையும் காட்டாது. ஆனால் கண்ணாடியின் முன் விளிம்பை ஒட்டிக் கோடு போட்டவர்களுக்கு இரு கதிர்களும் அந்தக் கோட்டில் சந்திப்பதில்லை. கை பிசகிவிட்டது என்று அழித்து அழித்து வரைகிறார்கள். பிசகு கையில் இல்லை! 3 மி.மீ. தடிமனும் 1.5 ஒளிவிலகல் எண்ணும் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) கொண்ட கண்ணாடியில், ஏறத்தாழ செங்குத்தாக வரும் கதிர்களுக்கு, ஆடி முன்முகத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே இருப்பதுபோல நடந்துகொள்கிறது. தடிமனை ஒளிவிலகல் எண்ணால் வகுத்தால் இந்த அளவு கிடைக்கும். கோட்டை அங்கே போடுங்கள்.

இருட்டறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, வீட்டுக் கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும்: ஒரு சுடருக்குப் பல பிம்பங்கள். நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைக் கண்ணாடியின் முன்முகமே திருப்பி அனுப்பிவிடும். சாய்வு கூடக்கூட அது இன்னும் கூடும். முதல் பிம்பம் மங்கல், இரண்டாவது பளிச்சென்று, அதன் பின் வருபவை தேய்ந்துகொண்டே போகும். ஆறன்முளைபோல் முன்முகத்திலேயே எதிரொளிக்கும் முன்பரப்பு ஆடியில் ஒரே சுடர்தான்.

அதனால்தான் தொலைநோக்கிகள் முன்பரப்பு ஆடியையே நாடுகின்றன. நியூட்டன் 1668இல் செய்த தொலைநோக்கியிலும் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த உலோக ஆடிதான். அந்த உலோகம் ஒளியில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கியது, விரைவில் மங்கியும் போனது. ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் கண்ணாடியின் முன்முகத்தில் அலுமினியப் பூச்சு இருக்கிறது. இத்தகைய பூச்சு மீட்டரில் கோடியில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்டது. மங்கும்போது புதிதாகப் பூச வேண்டும்.

முகம் பார்க்கவும் பள்ளி மேசைக்கும் என் தேர்வு பின்புற ரசம்தான். துடைத்தாலும் கீறாது, விலையும் குறைவு. ஆனால் ஒரு முறையாவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழுதான ஸ்கேனரைப் பிரித்தால், சில வகைகளில் உள்ளே நீளமான முன்பரப்பு ஆடிப் பட்டைகள் கிடைக்கும். மின் இணைப்பை நீக்கிய பிறகு, ஆசிரியர் உடனிருக்கப் பிரியுங்கள். பட்டையின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள், பூச்சின் மேல் விரல் படக் கூடாது.