ஆமை இறந்த தொட்டி: பிளீச்சிங் பவுடரா, கொதிநீரா, வெயிலா?

பெறாமகள் வளர்த்த செங்காது ஆமை மாசி மாதத்தில் இறந்துபோனது. மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வெறுமையாகி ஒரு கிழமைகூட ஆகவில்லை, "சித்தப்பா, இதுக்குள்ள வேற ஒண்டை விடலாமோ?" என்று கேட்டுவிட்டாள். விடலாம். ஆனால் அது எந்த நோயால் இறந்தது என்று தெரியாதபோது தொற்றால் இறந்ததாகவே எண்ணித் தொட்டியைக் கழுவ வேண்டும். எதைக் கொண்டு கழுவுவது என்பதில்தான் வீட்டுக்குள் மூன்று கட்சிகள் பிரிந்தன.

கட்சிகள் எதுவாயினும், தொட்டிக்குள் இருந்த மரக்கட்டை, பருக்கைக் கல், வடிகட்டியின் பஞ்சு ஆகியவற்றைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. நுண்துளைகளுக்குள் ஊறிய அழுக்கை எந்த மருந்தும் முழுதாக எட்டாது என்பதால் அவற்றை எறிந்துவிட வேண்டியதுதான்.

பிளீச்சிங் பவுடர் எங்களுக்குப் புதியதல்ல. வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்குப் போடும் அதே தூள். சல்மொனெல்லா போன்ற பக்டீரியாக்களையும் பெரும்பாலான வைரசுகளையும் அது கொன்றுவிடும். 33 வீதக் குளோரின் உள்ள தூளில் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 15 கிராம் கரைத்தால் 0.5 வீதக் கரைசல் கிடைக்கும்; அதைத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுத்து, குறைந்தது பத்து நிமிடமாவது கண்ணாடி நனைந்தபடியே இருக்கும்படி பூச வேண்டும். பொதி பிரித்து ஈரம் பட்ட பழைய தூளை நம்ப முடியாது. அதன் வீரியம் எப்போதோ போயிருக்கும்.

இதிலே யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. சுண்ணக்கல்லில் ஊறிவரும் எங்கள் கிணற்றுத் தண்ணீர், தொட்டியின் நீர்மட்டக் கோட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிவு கட்டிவிடும். பெறாமகளின் தொட்டியில் அந்தப் படிவை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மேலே சுண்ணாம்பு, அடியில் பச்சையும் பழுப்புமாக வழுவழுப்பு. குளோரின் அதைத் தொடுவதே இல்லை. மேற்படையிலுள்ள அழுக்கோடு மோதியே தீர்ந்துபோகிறது. ஆகவே முதலில் சவர்க்காரத்தால் தேய்த்து, வினாகிரியில் நனைத்த துணியைப் படிவின்மேல் ஒரு மணிநேரம் ஒட்டிவைத்துக் கரைத்து, அதை நன்றாக அலசிக் கழுவிய பிறகுதான் பிளீச்சிங் பவுடருக்குப் போக வேண்டும். வினாகிரி மிச்சமிருக்கத் தூளைச் சேர்த்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும் என்பதால் இந்த நடு அலசலைத் தவறவிடக் கூடாது.

கொதிநீர்க் கட்சி முன்பு என்னுடையதாக இருந்தது. பல்லியினங்களையும் பாம்புகளையும் உருக்குலைக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு சாதாரணக் குளோரினுக்கு அசைந்து கொடுக்காது. 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் சில நிமிடங்களிலேயே அது செத்துவிடும். இந்த நியாயம் எனக்குப் பெரிதாகத் தெரிந்ததால், முன்னொரு முறை என்னுடைய சிறிய தொட்டிக்குள் கேத்தல் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அடிக்கண்ணாடியில் மூலைக்கு மூலை கோடு விழுந்துவிட்டது. வெறுங்கல், தடித்த பிளாஸ்ரிக் மேடை, உலோக இடுக்கி ஆகியவற்றைக் கொதிக்க வைக்கலாம். கண்ணாடித் தொட்டிக்கு இது ஆகாது.

வெயிலை அம்மா முன்மொழிந்தார். பாய், தலையணை காயப்போடும் நம்பிக்கைதான் அது, ஆனால் பாதி சரி. ஈரமின்றி முற்றாகக் காய்வதை மேற்சொன்ன முட்டைக்கூடும் தாங்காது. மற்ற நுண்ணுயிர்களும் பெரும்பாலும் தளர்ந்துபோகும். எனினும் கிருமியைக் கொல்லும் புறஊதாக் கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடுவதால், தொட்டியைச் சாய்த்து அதன் வாய் நேரே சூரியனைப் பார்க்கும்படி வைத்து, நேரத்துக்கு நேரம் திருப்ப வேண்டும். அழுக்கின்மேல் வெயில் பட்டால் அழுக்குக் காயும், அவ்வளவே. ஆகையால் இது முதல் வேலையாக முடியாது, கடைசி வேலையாகத்தான் முடியும்.

தரைக்குப் போடும் பினாயிலையும் டெற்றோலையும் அயலவர் ஒருவர் சொன்னார். பீனோல் வகைக் கிருமிநாசினிகள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு என்பதால் அவற்றை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

ஒன்றைத்தான் தெரிவுசெய்ய வேண்டுமென்றால் பிளீச்சிங் பவுடருக்கே என் வாக்கு. அதற்குப் பின் வெயிலும் சேர்ந்தால் ஆமைத் தொட்டிக்கு அது போதும். மெலிந்து மெலிந்து இறந்த பல்லியை வளர்த்த கூடென்றால், குளோரினுக்கு அசையாத அந்த ஒட்டுண்ணி இருக்கலாம் என்பதால் நான் அதைத் திரும்பப் பயன்படுத்தமாட்டேன். எந்தத் தொட்டியையும் கிணற்றடியில் கழுவக் கூடாது: வெடிப்பு நிறைந்த சுண்ணக்கல் வழியே அந்தக் கழிவு நாங்கள் குடிக்கும் தண்ணீருக்கே திரும்பி வரக்கூடும். வளவின் தூர மூலையில் கழுவினோம்.

மாசியில் வெறுமையானது அந்தத் தொட்டிக்கு வசதியாகப் போயிற்று. பங்குனி வெயிலில் இரண்டு கிழமை கவிழ்த்தும் சாய்த்தும் வைத்தோம், குளோரின் மணமும் போய்விட்டது. கார்த்திகை மழையில் இது நடந்திருந்தால் பிளீச்சிங் பவுடரை இரண்டு முறை போட்டு, மின்விசிறிக்கு முன்னால் காயவைத்து, தை பிறக்கும்வரை அவளைப் பொறுத்திருக்கச் சொல்லியிருப்பேன்.