ஓய்வுக்குப் பிறகு: மாடித்தோட்டமா, மீன்தொட்டியா, வீணையா?

பணி ஓய்வு பெற்றவருக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம். பேச்சு பெரும்பாலும் இந்த மூன்றில் வந்து நிற்கிறது. என் ஓட்டு மாடித்தோட்டத்துக்கு. ஆனால் செடி வளர்க்கும் பைகள் பதினைந்தோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு மட்டும்.

செலவு, இடம், வீட்டாரின் சம்மதம் எல்லாம் இரண்டாம்பட்சம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக முடியுமா? வேலையில் இருப்பவரை விட ஓய்வு பெற்றவர்தான் அதிகம் ஊருக்குப் போகிறார். மகளின் பிரசவம், பேரனின் காதுகுத்து, காசி, ராமேஸ்வரம். ஊரிலேயே இருந்தாலும் கண்புரை அறுவை முடிந்தால் சில வாரம் மண்ணையும் தூசியையும் கிட்டே சேர்க்கக் கூடாது. இதற்கெல்லாம் வளைந்து கொடுக்காத பொழுதுபோக்கு, ஆறு மாதத்தில் இன்னொரு உத்தியோகமாகிவிடும்.

மீன்தொட்டி

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி சுமார் 55 லிட்டர் பிடிக்கும். சென்னைக்காரர்கள் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வந்து, அன்று மாலையே மீனை விட்டுவிடுகிறார்கள். கோளாறு அங்கேயே தொடங்குகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் விட்ட மீன்கள் வரிசையாக மிதக்கும். பழி கடைக்காரர் மேல் விழும். பிறகும் வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

ஊருக்குப் போனால்? நன்கு வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். பசியை விட, சாவியை வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரின் கருணைதான் ஆபத்து. மீன் வாயைத் திறக்கிறதே என்று பாவப்பட்டு அள்ளிப் போடுவார். மிச்சத் தீனி அழுகித் தண்ணீர் கலங்கிவிடும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை என்று தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, டப்பாவை ஒளித்து வைத்துவிடுங்கள். நீண்ட மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று வேண்டும், ஆனால் அதைப் போட ஆள் வீட்டில் இருக்க வேண்டும். இதை விடப் பெரிய குறை, தொட்டியைச் சுருக்கிக்கொள்ள முடியாது. இரண்டு மீன் இருந்தாலும் பத்து இருந்தாலும் வார வேலை ஏறக்குறைய அதேதான்.

வீணை

பூட்டிவிட்டுப் போவதில் முதல் மதிப்பெண் இதற்குத்தான். உறை போட்டு வைத்தால் அதுபாட்டுக்கு இருக்கும். ஒரே எச்சரிக்கை: தந்திக்கு அடியில் குறுக்கே வரிசையாக இருக்கும் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. மேற்கு வெயில் சுடும் சுவரோரம் வைத்துவிட்டுப் போனால் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும். மெட்டுகளைத் திரும்பச் சரியாகப் பதிக்க, அதாவது மேளம் கட்டத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். தரையில் சப்பணமிட முடியாதவர்கள் ஸ்டாண்டில் வைத்து வாசிக்கலாம். முடக்குவாதம் உள்ள விரல்கள் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க எவ்வளவு ஒத்துழைக்கும் என்பதில் எனக்கு உறுதி இல்லை. முதல் சில மாதம் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்தால் அதில் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

மாடித்தோட்டம்

முதலில் எடை. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டடத் தரநிலை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்று கணக்கு வைக்கிறது. 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள பையில் மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 18 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்த பிறகு ஏறக்குறைய 20 கிலோ. சதுர மீட்டருக்கு நான்கு பை என்றால் 80 கிலோ, கவலை இல்லை. 24 அங்குலப் பை அப்படியல்ல. ஒன்றே 150 கிலோவைத் தொடும், அதுவும் குறுகலான இடத்தில். எலுமிச்சைக்கோ முருங்கைக்கோ அதுதான் வேண்டும் என்றால், கீழே சுவரோ பீமோ ஓடும் இடமாகப் பார்த்து வையுங்கள். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடென்றால் பொறியாளரைக் கேட்காமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

மண் கலவை செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சமபங்கு. 5 கிலோ நார்க்கட்டி ஊறினால் 70 லிட்டர் பக்கம் வரும். பதினைந்து பைக்கு ஒன்றரைக் கட்டி போதும். இரண்டு முறை அலசி உப்பை வடித்த பிறகே கலக்க வேண்டும், இல்லையென்றால் நாற்றின் இலை ஓரம் கருகும். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேலோ, குனியத் தேவையில்லாத இரண்டடி உயர ஸ்டாண்டிலோ வையுங்கள். நிரப்பிய பையைத் தூக்கி இடம் மாற்றுவது அறுபது வயது முதுகுக்கு ஆகாத வேலை. வைக்கும் இடத்திலேயே நிரப்புங்கள்.

இப்போது பத்து நாள் கேள்வி. வெயில் காலத்தில் ஒரு பைக்கு நாளொன்றுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். 16 மி.மீ. மெயின் குழாய், 4 மி.மீ. கிளைக்குழாய், பைக்கு ஒன்றாகத் தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பர், முன்னால் ஒரு ஃபில்டர், குழாய் வாயில் பேட்டரி டைமர், அவ்வளவுதான் சாமான். பலர் ஏமாறுவது டைமரில். மின்காந்தத்தால் திறக்கும் சோலினாய்டு வால்வு வைத்த டைமருக்குப் பொதுவாக அரை பார் அழுத்தமாவது வேண்டும், அதாவது ஐந்து மீட்டர் உயரத் தண்ணீர். மாடித் தொட்டியோ பைகளுக்கு மேலே ஒன்றரை, இரண்டு மீட்டர்தான் இருக்கும். கடையில் கேட்க வேண்டியது, அழுத்தமே இல்லாமலும் திறந்து மூடும், உள்ளே துளையிட்ட உருண்டை சுழலும் பால் வால்வு (ball valve) டைமர்.

அட்டையில் மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருக்கும் டிரிப்பர், இந்தக் குறைந்த அழுத்தத்தில் பாதிகூடத் தராமல் போகலாம். டிரிப்பருக்கு அடியில் பாட்டில் வைத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். தொட்டிக்கு அருகில் உள்ள பைக்கும் கடைசிப் பைக்கும் அளவு வேறுபடும். திருகிச் சரிசெய்த பிறகே டைமரில் நேரம் வையுங்கள், காலையில் பாதி, மாலையில் பாதி. போர்வெல் உப்புத் தண்ணீர் டிரிப்பரை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைத்தால் திறந்துகொள்ளும். ஊருக்குப் போகிற அன்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ஒரு வாரம் கையால் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பைக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் கிளம்பும்போது எடுத்துவிட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

ஆடிப்பட்டத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய். தைப்பட்டத்தில் இன்னொரு சுற்று. சித்திரை, வைகாசி வெயிலில் பாதிப் பைகளைக் காலியாக விட்டுவிடலாம். பேரப்பிள்ளைகளின் விடுமுறையும் அப்போதுதான். மீன்தொட்டிக்கு இல்லாத வசதி இது. வெண்டையில் இலை மஞ்சள் வலையாக மாறினால் வெள்ளை ஈ கொண்டு வந்த நரம்புத் தேமல் நோய். மருந்து தேடாமல் செடியைப் பிடுங்கிவிடுங்கள். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்த பிறகு.

அளவு மீறுவது இதில்தான் எளிது. பதினைந்து பை நாளுக்கு முக்கால் மணி நேரம் கேட்கும். அறுபது பை காலை முழுவதையும் விழுங்கிவிட்டு, வீட்டிலிருப்பவர் தனியாகக் காபி குடிக்கும்படி செய்துவிடும். டைமர் பழுதானால் அரை மணியில் கையால் ஊற்றி முடிக்க முடிகிற அளவே உங்கள் உச்ச வரம்பு. நீரிழிவு உள்ளவர்கள் மாடியில் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். உணர்வு மங்கிய பாதம் சுடுவதே தெரியாமல் கொப்பளித்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கீரை நிறைய விளைகிறதே என்று திடீரென அளவைக் கூட்டக் கூடாது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரே சீராகச் சாப்பிடுங்கள். மாடிப்படி ஏறவே முழங்கால் மறுத்தால், பால்கனியில் நான்கு பைக் கீரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டில் மூன்று மாதம் தங்கப் போகிறவர்கள் டைமரை நம்ப வேண்டாம். செடிகளை எடுத்துவிட்டு, கற்றாழையையும் கற்பூரவல்லியையும் கேட்பவர்களிடம் கொடுத்துவிட்டு, மண்ணைக் காய்ந்த சருகால் மூடிவிட்டுப் போகலாம். திரும்பி வந்ததும் ஊற்றும் முதல் தண்ணீர் காய்ந்த நாரில் ஒட்டாமல் பையின் ஓரமாக வழிந்து கீழே போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு தடவை ஊற்றி முழுதாக நனையவிட்டு, பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் கலந்து, ஒரு வாரம் ஆறப்போட்டு விதைக்கலாம்.